டிஸ்க் இமேஜை லூப்பில் ஏற்றினால் வேகம் எங்கே போகிறது?

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று எந்த ஊர் சர்வீஸ் கடையை எடுத்தாலும் இந்த வேலை வந்தே தீரும். கல்யாண ஸ்டுடியோவின் 1 டிபி ஹார்ட்டிஸ்க் உயிரை விடப் பார்க்கிறது. அதை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்துவைத்து, லினக்ஸில் லூப் டிவைஸ் வழியாக அந்த ஃபைலையே ஒரு டிஸ்க்காகக் காட்டி, உள்ளே இருக்கிற படங்களை எடுக்க வேண்டும். எடுப்பதெல்லாம் எடுத்துவிடலாம். ஆனால் ஒரே இமேஜ், ஒரே மெஷின், ஒருவர் இரண்டரை மணி நேரத்தில் முடிக்கிறார், இன்னொருவருக்கு ராத்திரி முழுக்க ஓடுகிறது. "எப்பம் கிடைக்கும்ணே?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் இமேஜ் எடுப்பது. குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடற்கரை ஊர்களிலிருந்து வருகிற டிஸ்க் என்றால் பவர் கொடுப்பதற்கு முன் போர்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகிற தொடுபுள்ளிகள் உப்புக்காற்றில் கறுத்திருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். சில டிஸ்க்குகள் அதிலேயே எழுந்துவிடும். பிறகு, கெட்டுப்போகிற டிஸ்க்கை இமேஜாக எடுக்கிற டிடிரெஸ்க்யூ:

சூடோ டிடிரெஸ்க்யூ --ஐடைரக்ட் --நோ-ஸ்க்ரேப் --ப்ரீஅலொகேட் /டெவ்/எஸ்டிபி ஸ்டுடியோ.ஐஎம்ஜி ஸ்டுடியோ.மேப்

இந்தச் சுற்றில் நல்ல இடங்கள் வந்துவிடும். அடுத்த சுற்றில் நோ-ஸ்க்ரேப்பை எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்கு மூன்று முறை மறுமுயற்சி. மேப் ஃபைலை மறந்தால் நடுவில் நின்ற வேலையை விட்ட இடத்தில் தொடர முடியாது. ப்ரீஅலொகேட் எதற்கு என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

இனி இமேஜை லூப்பில் ஏற்றுவது. அதற்கு முன் ஒரு கேள்வி: ஏற்றத்தான் வேண்டுமா? ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க், ஸ்லூத் கிட் மூன்றுமே இமேஜ் ஃபைலை நேரடியாகவே வாசிக்கும். அழிந்த ஜேபெக்குகளைத் தோண்டுவது மட்டும்தான் வேலை என்றால் லூப் டிவைஸ் என்பது வெட்டியாக ஒரு அடுக்கு. ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்து ஃபோல்டர் ஃபோல்டராக எடுக்க வேண்டும், ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கிற எஃப்எஸ்சிகே ஓட்ட வேண்டும், அல்லது டிஸ்க் ஒன்றை மட்டுமே ஏற்றுக்கொள்கிற ஏதாவது டூல் ஓட்ட வேண்டும் என்றால்தான் லூப் தேவை.

சூடோ லோசெட்டப் --ஃபைண்ட் --ஷோ --ரீட்-ஒன்லி --பார்ட்ஸ்கேன் ஸ்டுடியோ.ஐஎம்ஜி

/டெவ்/லூப்0 என்று பதில் வரும். பார்ட்டிஷன்கள் லூப்0பி1, லூப்0பி2 என்று தெரியும். பலரும் இதோடு நின்றுவிடுவார்கள். வேலையும் நடக்கும். ஆனால் இப்படி ஏற்றினால் ஒரே டேட்டா ராமில் இரண்டு தடவை உட்காரும். மவுண்ட் செய்த ஃபைல் சிஸ்டம் தான் படித்ததைத் தன் பேஜ் கேஷில் வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே, இமேஜ் ஃபைல் இருக்கிற ஃபைல் சிஸ்டமும் அதே டேட்டாவைத் தன் பங்குக்கு வைத்துக்கொள்கிறது. 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் 1 டிபி இமேஜை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டும்போது, திரும்பப் பயன்படாத டேட்டாவுக்காக ராம் இரண்டு மடங்கு வேகத்தில் நிரம்பும். பிரவுசர் திணறும், கிம்ப் திணறும். குற்றம் ஹார்ட்டிஸ்க்கின் தலையில் விழும்.

இதற்கு மருந்து டைரக்ட் ஐஓ. மேலே சொன்ன கட்டளையில் --டைரக்ட்-ஐஓ=ஆன் என்று சேர்த்தால் கீழ் கேஷ் விலகிவிடும்; லூப் டிரைவர் நேராக டிஸ்க்கிடம் போகும். ராம் மிச்சம் என்பது ஒரு பக்கம். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண முறையில் லூப்பின் வொர்க்கர் ஒரு கோரிக்கையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். டைரக்ட் முறையில் பல கோரிக்கைகளை ஒன்றாகக் கீழே தள்ளிவிட்டு, முடிகிறவற்றை வாங்கிக்கொள்ளும். ஒரே நேரத்தில் பல வேலை செய்யக்கூடிய என்விஎம்இ டிரைவில் சின்னச் சின்ன ரேண்டம் ரீடுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு ஹெட்டை வைத்து அலைகிற ஹார்ட்டிஸ்க்கில் பெரிதாகத் தெரியாது.

நஷ்டமும் உண்டு. கீழ் கேஷோடு சேர்ந்து அதன் ரீட்-அஹெட்டும் (கேட்பதற்கு முன்பே அடுத்ததை வாசித்துவைப்பது) போய்விடும். லூப்புக்கு என்று இருக்கிற ரீட்-அஹெட் வழக்கமாக 128 கேபி. ஹார்ட்டிஸ்க்கில் வரிசையாக வாசிக்க இது போதாது. ஆகவே டைரக்ட் போட்ட கையோடு:

சூடோ ப்ளாக்டெவ் --செட்ரா 4096 /டெவ்/லூப்0

இந்த எண் 512 பைட் செக்டர் கணக்கு. 4096 என்றால் 2 எம்பி. சின்ன ஃபைல்களைத் தாறுமாறாக வாசிக்கிற வேலையில் இதைக் கூட்டினால் தேவையில்லாததை வாசித்து நேரம் போகும். பெரிய வீடியோ ஃபைல்களுக்குத்தான் இது.

இமேஜ் ராமை விடச் சின்னது என்றால் டைரக்டை மறந்துவிடலாம். 4 ஜிபி மெமரி கார்டு இமேஜை நான்கு முறை மவுண்ட் செய்து நான்கு விதமாகப் பார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். அன்மவுண்ட் செய்தவுடன் மேல் கேஷ் அழிந்துவிடும், கீழ் கேஷ் அப்படியே இருக்கும். அடுத்த சுற்று ராம் வேகத்தில் ஓடும். அங்கே இரட்டைக் கேஷ் தொல்லை இல்லை, வசதி.

டைரக்ட் கேட்டீர்கள் என்பதற்காக அது கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கீழே இருக்கிற ஃபைல் சிஸ்டத்துக்கோ டிஸ்க்குக்கோ ஒத்துவராவிட்டால், சத்தமே காட்டாமல் பழைய முறைக்கே போய்விடும் சந்தர்ப்பங்கள் உண்டு. லோசெட்டப் --லிஸ்ட் அடித்து டிஐஓ என்கிற நெடுவரிசையைப் பாருங்கள். 1 என்றால் கிடைத்தது, 0 என்றால் இல்லை. 0 வருவதற்கு நம் கடைகளில் பெரும்பாலும் காரணம் செக்டர் அளவு. கீழே உள்ள டிஸ்க்கின் லாஜிக்கல் செக்டர் 4096, லூப்பின் செக்டர் 512 என்றால் டைரக்ட் நடக்காது. கீழ் டிஸ்க்கை ப்ளாக்டெவ் --கெட்எஸ்எஸ் சொல்லும்.

"அப்படியானால் --செக்டர்-சைஸ் 4096 கொடுத்துவிட்டால் ஆச்சு" என்று தோன்றும். கொடுத்துப் பாருங்கள், பார்ட்டிஷன் ஒன்றுகூடத் தெரியாது, அல்லது தப்பான இடத்தில் தெரியும். 512 செக்டர் டிஸ்க்கிலிருந்து எடுத்த இமேஜில், பார்ட்டிஷன் டேபிள் "2048-வது செக்டரில் ஆரம்பம்" என்று எழுதி வைத்திருக்கும். அது 1 எம்பி இடம். செக்டரை 4096 ஆக்கினால் அதே 2048 என்பது 8 எம்பி ஆகிவிடும். ஆகவே பழைய டிஸ்க் இமேஜ்களுக்கு 512-ஐத் தொடவே கூடாது. டைரக்ட் வேண்டுமானால் 512 லாஜிக்கல் செக்டர் உள்ள டிஸ்க்குக்கு இமேஜை மாற்றிக்கொள்வதுதான் வழி. புதிதாக நீங்களே உருவாக்குகிற இமேஜுக்கு 4096 தாராளமாக வைக்கலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க்குகளில் இன்னொரு வில்லங்கம். பார்ட்டிஷன் 63-வது செக்டரில் ஆரம்பிக்கும். 63 × 512 = 32,256. இது 4096-ஆல் வகுபடாது. ஃபைல் சிஸ்டத்தின் ஒவ்வொரு 4 கேபி ப்ளாக்கும், இன்றைய டிஸ்க்கின் இரண்டு பௌதிக செக்டர்களின் மேல் கால் பரப்பி உட்காரும். வாசிக்க அவ்வளவு கஷ்டமில்லை. எழுதினால், டிஸ்க் முதலில் வாசித்து, ஒட்டுப்போட்டு, திரும்ப எழுத வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட இமேஜின் உள்ளே எதையும் எழுதி ரிப்பேர் செய்ய முயலாமல், வாசித்து வெளியே எடுப்பதே புத்திசாலித்தனம்.

வாசிப்பதற்கு இவ்வளவுதான். எழுதுவது வேறு கதை.

ட்ரங்கேட் கட்டளையில் 500ஜி என்று கொடுத்தால் ஒரு நொடியில் 500 ஜிபி ஃபைல் பிறக்கும். டிஸ்க்கில் இடம் எதுவும் பிடிக்காது. எல்எஸ் 500 ஜிபி என்னும், டியு பூஜ்யம் என்னும். இதுதான் ஸ்பார்ஸ் ஃபைல், உள்ளே வெறும் ஓட்டை. உள்ளே எழுத எழுத, கீழ் ஃபைல் சிஸ்டம் அப்போதைக்கப்போது கிடைக்கிற இடத்தைக் கொடுக்கும். ஒழுங்கில்லாமல் எழுதினால் இமேஜ் ஆயிரக்கணக்கான துண்டுகளாக டிஸ்க் முழுக்கச் சிதறும். ஃபைல்ஃப்ராக் கட்டளை எத்தனை எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான துண்டு) என்று சொல்லும். பத்துக்கும் நூறுக்கும் கவலைப்பட வேண்டாம்; பல ஆயிரம் என்றால், உள்ளே வரிசையாக இருக்கிற ஒரு வீடியோவை வாசிக்கக்கூட ஹெட் அங்குமிங்கும் ஓட வேண்டிவரும். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் தட்டு அரைச்சுற்று சுற்றவே 4 மில்லிசெகண்டுக்கு மேல், அதற்கு மேல் ஹெட் நகர்கிற நேரம். நொடிக்கு நூறு தாவல்கூடத் தேறாது. டிடிரெஸ்க்யூவும் கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டி எழுதுகிற ஆள்தான். ப்ரீஅலொகேட் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இடம் குறைவு என்றால் அதற்குப் பதில் --ஸ்பார்ஸ் கொடுக்கலாம். இடம் மிச்சமாகும், சிதறல் கூடும்.

ஃபாலொகேட் கட்டளை நடுவழி. இடத்தை மொத்தமாகப் பிடித்துவைக்கும், ஆனால் "இன்னும் எழுதப்படவில்லை" என்ற குறியோடு. முதல் முறை எழுதும்போது அந்தக் குறியை மாற்ற வேண்டியிருப்பதால் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. அதுவும் வேண்டாம் என்றால் ஒருமுறை முழுக்க பூஜ்யம் எழுதிவிட வேண்டும். டேட்டாபேஸ் வைக்கிறவர்களுக்கு அது தேவைப்படலாம், மற்றவர்களுக்கு ஃபாலொகேட் போதும்.

ஸ்பார்ஸ் இமேஜின் பெரிய ஆபத்து வேகம் அல்ல. உள்ளே 300 ஜிபி காலி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, கீழே உண்மையான டிஸ்க் நிரம்பிவிடலாம். அப்போது உள்ளிருக்கிற ஃபைல் சிஸ்டத்துக்கு "இடமில்லை" என்று தெரியாது. "டிஸ்க் எரர்" என்றுதான் தெரியும். டிமெசேஜில் லூப்0 பெயரில் பஃபர் ஐஓ எரர் வரிசையாக வரும். உள்ளிருக்கிற ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 என்றால், அதன் ஜர்னலில் (மாற்றங்களைக் குறித்துவைக்கிற பதிவேடு) அடி விழுந்தால் ரீட்-ஒன்லியாக மாறிக்கொள்ளும். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து புது டிஸ்க் வாங்குவதற்கு முன் டிஎஃப் அடித்துக் கீழே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழித்த ஃபைல்களின் இடம் கீழே தானாகத் திரும்பாது. எஃப்ஸ்ட்ரிம் ஓட்டினால் லூப் டிரைவர் இமேஜில் ஓட்டை போட்டு இடத்தைத் திருப்பித் தரும். மவுண்டிலேயே டிஸ்கார்ட் ஆப்ஷன் போட்டு ஒவ்வொரு அழிப்புக்கும் ஓட்டை போடவைப்பது வேகத்தையும் தின்னும், சிதறலையும் கூட்டும். வாரம் ஒருமுறை எஃப்ஸ்ட்ரிம் போதும்.

இமேஜை பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் வைக்கிற ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. அது காப்பி-ஆன்-ரைட், ஒவ்வொரு மாற்றமும் புது இடத்தில் எழுதப்படும், இமேஜ் தூள் தூளாகும். இமேஜ்களுக்குத் தனி ஃபோல்டர் வைத்து, அது காலியாக இருக்கும்போதே சிஎச்ஏட்டர் ப்ளஸ் பெரிய சி கொடுத்துவிடுங்கள். டேட்டா ஏறியபின் கொடுத்தால் பலன் இல்லை. இதற்கு விலை, அந்த ஃபைல்களுக்குச் செக்சம் பாதுகாப்பு போய்விடும்.

எழுதும்போது வருகிற இன்னொரு தொல்லை, காப்பி "முடிந்துவிட்டது" என்று சொன்ன பிறகு மெஷின் உறைவது. சாதாரண லூப்பில் எழுதியது ராமுக்குள் போய் விழுந்தவுடன் முடிந்த கணக்கு. கர்னலின் வழக்கமான வரம்பு, கிடைக்கிற ராமில் 20 சதவீதம் வரை அழுக்குப் பக்கம் (இன்னும் டிஸ்க்கில் இறங்காத டேட்டா) சேரலாம் என்பது. 7 ஜிபி கிடைக்கிற மெஷினில் 1.4 ஜிபி. இது நிரம்பிய நேரத்தில், உள்ளே ஏதோ ஒரு சின்ன புரோகிராம் தன் 4 கேபி ஃபைலுக்கு எஃப்சிங்க் (இதை இப்போதே டிஸ்க்கில் இறக்கு என்பது) கேட்கிறது என்று வையுங்கள். லூப் டிரைவருக்கு அது யாருடைய டேட்டா என்று தெரியாது. இமேஜ் ஃபைல் முழுவதற்கும் எஃப்சிங்க் போட்டுவிடும். தேங்கிக்கிடந்த அத்தனையும் இறங்கும்வரை அந்த 4 கேபி காத்திருக்கும். டைரக்ட் ஐஓவில் கீழே தேங்குவதே இல்லை, எஃப்சிங்க் சட்டென்று திரும்பும். டைரக்ட் கிடைக்காத இடத்தில் விஎம்.டர்ட்டி_பைட்ஸை 268435456 என்றும், விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸை 67108864 என்றும் வைத்தால் உறைதல் வெகுவாகக் குறையும்.

கரண்டு விஷயம் இங்கேதான் வருகிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது; ஐப்பசி இடிமின்னலில் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை போய் வரும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் எத்தனை. சாதாரண லூப் ஆபத்தானது என்று சிலர் சொல்வது முழுச் சரியல்ல. உள்ளே ஈஎக்ஸ்டி4 கேட்கிற ஃப்ளஷ்ஷை (தேங்கியதை உடனே எழுதச் சொல்கிற உத்தரவு) லூப் டிரைவர் மதித்துக் கீழே அனுப்புகிறது, ஜர்னல் காக்கும். போவது, கடைசிச் சில நொடிகளில் எழுதி இன்னும் இறங்காத டேட்டா. உண்மையான ஆபத்து வேகத்துக்கு ஆசைப்பட்டு மவுண்டில் பேரியர்=0 போடுவதிலும், விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிற கியூஎம்யூவில் கேஷ்=அன்சேஃப் போடுவதிலும் இருக்கிறது. இரண்டும் ஃப்ளஷ்ஷைத் தூக்கி எறியும். போனால் போகட்டும் என்கிற பரிசோதனை இமேஜுக்கு மட்டும் சரி. யுபிஎஸ் பேட்டரி எத்தனை வயது என்று பார்த்துவிட்டு இந்த ஆப்ஷன்களைப் பற்றிப் பேசலாம்.

கியூஎம்யூவின் சொந்த இமேஜ் வடிவமான க்யூகவ்2-ஐ லூப்பில் நேராக ஏற்ற முடியாது. ஏற்றினால் அதன் ஹெட்டர்தான் டிஸ்க்காகத் தெரியும். அதற்கு என்பிடி (நெட்வொர்க் ப்ளாக் டிவைஸ்) வழி:

சூடோ மோட்ப்ரோப் என்பிடி மேக்ஸ்_பார்ட்=8
சூடோ கியூஎம்யூ-என்பிடி --கனெக்ட்=/டெவ்/என்பிடி0 --கேஷ்=நன் --ஏஐஓ=நேட்டிவ் சோதனை.க்யூகவ்2

இதில் ஒவ்வொரு கோரிக்கையும் கர்னலிலிருந்து சாக்கெட் வழியாக வெளியே ஒரு புரோகிராமுக்குப் போய், அது திரும்பக் கர்னலிடம் ஃபைலைக் கேட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். பெரிய ரீடில் இந்தச் சுற்று தெரியாது. 4 கேபி ரேண்டமில் எஸ்எஸ்டியின் வேகத்தை நன்றாகவே கடிக்கும். அதோடு, இமேஜின் ஒவ்வொரு துண்டும் (க்ளஸ்டர்) எங்கே இருக்கிறது என்று சொல்கிற முகவரி டேபிள் வேறு. 64 கேபி க்ளஸ்டருக்கு 8 பைட் வீதம், 1 டிபி இமேஜுக்கு 128 எம்பி டேபிள் வேண்டும். லினக்ஸில் கியூஎம்யூ இதற்கு ராமில் இயல்பாக ஒதுக்குவது அதிகபட்சம் 32 எம்பி. 256 ஜிபிக்குத்தான் அது போதும். அதற்கு மேல் தாவித்தாவி வாசித்தால், டேட்டாவுக்கு ஒரு ரீட், டேபிளுக்கு ஒரு ரீட் என்று இரட்டிக்கும். க்ளஸ்டரை 2 எம்பி ஆக்கினால் டேபிள் 4 எம்பிக்குச் சுருங்கும், ஆனால் இன்னொரு இமேஜின் மேலடுக்காக வைத்திருந்தால் 4 கேபி எழுத 2 எம்பியைக் காப்பி செய்ய வேண்டிவரும்.

இவ்வளவு விலை கொடுத்து க்யூகவ்2 எதற்கு? மேலடுக்குக்கு. எடுத்த இமேஜைத் தொடாமல் எஃப்எஸ்சிகே ஓட்டிப் பார்க்க வேண்டுமானால், கியூஎம்யூ-ஐஎம்ஜி க்ரியேட்டில் மைனஸ் பி-க்கு ஸ்டுடியோ.ஐஎம்ஜி, பெரிய எஃப்-க்கு ரா என்று கொடுத்து மேலே ஒரு க்யூகவ்2 செய்யுங்கள். எழுதுவதெல்லாம் மேலடுக்கில் போகும். கெட்டுப்போனால் அதை அழித்துவிட்டு அடுத்தது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இமேஜ் இருந்தால் இன்னும் சுலபம்: சிபி --ரீஃப்லிங்க்=ஆல்வேஸ் நொடியில் ஒரு நகல் தரும், அதைச் சாதாரண லூப்பிலேயே ஏற்றலாம்.

வேகத்தைத் தின்கிற ஆப்ஷன்களையெல்லாம் சரிசெய்தபின்னும் இமேஜ் என்டிஎஃப்எஸ் யுஎஸ்பி டிஸ்க்கில் கிடந்தால் பயனில்லை. என்டிஎஃப்எஸ்-3ஜி ஃப்யூஸ் வழியாக ஓடுவது, ஒவ்வொரு ரீடும் கர்னலுக்கு வெளியே போய்வர வேண்டும். டிஸ்க்கை முன்பக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் குத்தியிருந்தால் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் கிடைக்கும். 1 டிபிக்கு எட்டு மணி நேரம். அதே டிஸ்க் சாட்டாவில் 120 எம்பி கொடுத்தால் இரண்டே கால் மணி. தொடக்கத்தில் சொன்ன அந்த ராத்திரி முழுக்க ஓடுகிற கடையில் முதலில் பார்க்க வேண்டியது நீல (யுஎஸ்பி 3.0) போர்ட்டா கறுப்பு (2.0) போர்ட்டா என்பதைத்தான்.

அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பொறி. வேகம் அளக்கிற எஃப்ஐஓவில் டைரக்ட்=1 போட்டு லூப்0-ஐ அளந்தால் மேல் கேஷ்தான் விலகும். லூப் சாதாரண முறையில் ஏற்றப்பட்டிருந்தால் கீழ் கேஷ் பதில் சொல்லிவிடும், ஹார்ட்டிஸ்க் நொடிக்கு 2 ஜிபி தருவதாகக் காட்டும். பக்கத்து டெர்மினலில் ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ் 1 ஓடவிடுங்கள். லூப்0 வரி பறக்கும்போது இமேஜ் இருக்கிற டிஸ்க்கின் எஸ்டிஏ வரி பூஜ்யமாக இருந்தால் நீங்கள் அளப்பது ராமை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சிங்க் அடித்து ட்ராப்_கேஷஸில் 3 எழுதுங்கள். டிடி கட்டளையில் எழுதி அளப்பதானால் கான்வ்=எஃப்டேட்டாசிங்க் இல்லாத எண்ணை நம்பவே வேண்டாம்.

மவுண்ட் செய்யும்போது, ரீட்-ஒன்லி லூப்பில் இருக்கிற ஈஎக்ஸ்டி4 பாதியில் கரண்டு போன டிஸ்க்கிலிருந்து வந்தது என்றால் ஜர்னலை ஓட்ட முடியாமல் ஏற மறுக்கும். ஆர்ஓ-வோடு நோலோட் சேர்க்க வேண்டும்; எக்ஸ்எஃப்எஸ் என்றால் நோரெகவரி. ஒரே இமேஜை இரண்டு லூப்பில் எழுதும்படி ஏற்றிவிட்டால், ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு கேஷ்கள் ஒரே ஃபைல் சிஸ்டத்தை மென்று துப்பும். --நோஓவர்லேப் கொடுத்தால் ஏற்கெனவே ஏறியிருக்கிற லூப்பையே திருப்பித் தரும். லோசெட்டப் --அசோசியேட்டட் ஸ்டுடியோ.ஐஎம்ஜி என்றால் எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று தெரியும்.

இறக்கும்போது முதலில் அன்மவுண்ட், பிறகு லோசெட்டப் --டிடாச். மவுண்ட் இருக்கும்போதே டிடாச் கொடுத்தால் எரர் வராது, "சரி" என்பது போல் திரும்பிவிடும். கடைசியாகப் பயன்படுத்துபவர் விட்டபின்தான் உண்மையில் இறங்கும். இறங்கிவிட்டது என்று நம்பி யுஎஸ்பியைப் பிடுங்குவதும், இமேஜை அழித்துவிட்டு இடம் ஏன் திரும்பவில்லை என்று தேடுவதும் இதனால்தான். லோசெட்டப் --லிஸ்ட்டில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் டிலீட்டட் என்று தெரிந்தால், எல்எஸ்ஓஎஃப் அடித்து யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் எங்கோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கும்.